வேம்புலியின் அச்சு

எல்லைப் போரின் மூன்றாவது குளிர்காலத்தில் எங்கள் பிரிகேடில் கவசம் நிறைய இருந்தது. அதை மாட்டிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

வேங்கைப் படை என்று ஒன்று வைத்திருந்தோம். எந்த மலையைப் பிடிப்பதென்றாலும் அவர்கள்தான் முதலில் போவார்கள். சூடேறும் உடுப்பு, சுமை தெரியாமல் ஓட வைக்கும் கால்சட்டம், புகைக்குள்ளும் பார்க்கும் கண்ணாடி, வாரத்தில் மூன்று நாள் ஆட்டுக்கறி என்று எல்லாம் அவர்களுக்குத்தான். மற்ற பட்டாலியன் ஜவான்கள் உருளைக்கிழங்குச் சாக்கைக் கிழித்துக் காலில் சுற்றிக்கொண்டு பதுங்குகுழியில் நின்றார்கள். ஒரு தாக்குதலுக்கு நூறு வேங்கைகள் போனால் நாற்பது திரும்பும். இறந்தவர்களின் உடுப்புகளைப் பெரும்பாலும் மீட்டுவிடுவோம். கழுவி, ஓட்டைகளை அடைத்து, கிடங்கில் வரிசையாகத் தொங்கவிடுவோம்.

நான் அந்த பிரிகேடின் மருத்துவர், கேப்டன் ஃபரீதா. சொந்த ஊர் மேல்விஷாரம். ஒரு நாள் காலை பிரிகேடியர் ரகோத்தமன் என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போய் அந்த வரிசையைக் காட்டினார்.

"பாருங்க டாக்டர். முன்னூத்திப் பன்னெண்டு உடுப்பு. தலைநகர்ல கேட்டா இன்னும் அனுப்புவான். ஆள் கேட்டா அனுப்புவானா?"

"புதுசா எடுத்துப் பயிற்சி கொடுக்கலாமே சார்."

"ஒரு வேங்கையைத் தயார் பண்ண ரெண்டு வருஷம். அவன் சாகறதுக்கு ரெண்டு நிமிஷம்." அவர் ஓர் உடுப்பின் கையைப் பிடித்து, உயிருள்ள ஆளின் கையைப் போலத் தட்டிக்கொடுத்தார். "நீங்க பட்டாளத்துக்கு வர்றதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் செஞ்சீங்களாமே? பக்கவாதம் வந்தவங்களை நடக்க வைக்கறது?"

செய்திருந்தேன். நன்றாக நடக்கும் ஒருவரின் உடம்பில் கம்பிச்சட்டை மாட்டி, கண் பார்த்ததும் கழுத்து எப்படித் திரும்புகிறது, எந்தத் தசை எந்த நொடியில் இறுகுகிறது என்று பதிவெடுப்போம். நோயாளியை நான்கு நாள் தூங்க வைத்து அந்தப் பதிவை அவர் நரம்புகளில் ஏற்றுவோம். எழுந்ததும் நடப்பார், தன் நடை அல்ல, பதிவு கொடுத்தவரின் நடை. ஆனாலும் நடை கிடைத்ததே என்று வீட்டார் அழுதுகொண்டே கைகூப்புவார்கள்.

"நடையை ஏத்தலாம்னா ஓட்டத்தை ஏத்தலாம்" என்றார் பிரிகேடியர். "ஓட்டத்தை ஏத்தலாம்னா தாக்குதலையும் ஏத்தலாம்."

"பக்கவாதம் வந்தவர் உடம்பு வெத்துத்தாள் மாதிரி சார். எழுதலாம். நல்லா இருக்கறவன் உடம்புல அவன் பழகினது எல்லாம் ஏற்கெனவே எழுதியிருக்கு. அதை அழிச்சிட்டுத்தான் எழுதணும். திரும்ப வராது."

"என்ன அழியும்? பேர் மறந்துடுமா? பெண்டாட்டி மறந்துடுமா?"

"அதெல்லாம் இருக்கும். கை பழகின வேலை போயிடும். ஒருத்தன் மத்தளம் வாசிப்பான், ஒருத்தன் தையல் மெஷின் மிதிப்பான்..."

"போர்முனையில யாரும் மத்தளம் வாசிக்கப் போறதில்ல டாக்டர்."

"யாரோட அச்சு சார்?"

இப்படிக்கூட ஒரு கேள்வியா என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

ஹவில்தார் வேம்புலியை பிரிகேடில் அறியாதவர் இல்லை. ஆரணிப் பக்கத்துக்காரர், நாற்பத்தோரு வயது, சற்றே கூனல் விழுந்த முதுகு. பதினெட்டுத் தாக்குதல்களில் முதல் ஆளாக ஓடியவர். பதினெட்டிலும் ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்தவர். இரண்டு பதக்கங்கள். புதிதாக வரும் ஜவான்கள் அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள், ராசி என்று.

கம்பிச்சட்டை மாட்டுவதற்காக என்னிடம் வந்தபோது அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"மேடம், நீங்க நம்ம பக்கத்து ஊருக்காரங்க. ஒன்னு கேக்கட்டுமா? இந்த மெஷினு இன்னா இன்னாத்த எடுக்கும்? மனசுல நெனைக்கறதெல்லாம் எடுத்துக்குமா?"

"அதெல்லாம் எடுக்காது. கை, கால், கண்ணு, கழுத்து. யோசிக்காம உங்க உடம்பு தானா என்ன செய்யுதோ அது மட்டும்தான்."

"அதான் வில்லங்கமே" என்றார்.

தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தேன்.

கம்பிச்சட்டையோடு அவர் பத்தொன்பதாவது தாக்குதலுக்குப் போனார். வழக்கம்போல முதல் ஆள், வழக்கம்போல திரும்பி வந்தார். பதிவைப் பார்த்தேன். முதல் நான்கு நிமிடம் அற்புதமான ஓட்டம். ஒரு கால் ஊன்றும்போதே மற்றொரு கால் நிலத்தை விசாரித்தது. அப்படி ஓர் உடம்பை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் இரண்டரை மணி நேரம் அசைவே இல்லை. குளிரில் கம்பி உறைந்துபோய்ப் பதிவு நின்றிருக்கும் என்று முடிவுசெய்தேன். பதிவைத் துண்டுபோட முடியாது, முழுசாகத்தான் ஏற்ற வேண்டும். ஏற்றினேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஏற்றினோம். சண்டை தெரிந்தவர்கள் தீர்ந்துபோயிருந்ததால் சமையல்காரர்கள், லாரி டிரைவர்கள், எழுத்தர்கள், சலவைக்காரர்கள் என்று வரிசை நின்றது. முடிவெட்டும் மொக்கராசுவும் அதில் இருந்தார். திருமங்கலத்தில் கடை வைத்திருந்தவர். அவர் கத்தி கழுத்தில் போவதே தெரியாது என்று அதிகாரிகள் காத்திருந்து அவரிடம்தான் சவரம் செய்துகொள்வார்கள்.

"நல்லா யோசிச்சீங்களா மொக்கராசு? உங்க கைத்தொழில் போயிடும்."

"காலு ரெண்டும் மரத்துப்போச்சு மேடம். அந்த உடுப்பப் போட்டா சூடா இருக்கும்ல?"

நான்கு நாள் கழித்து எழுந்தார். இடது கையால் தண்ணீர் வாங்கிக் குடித்தார். வேம்புலி இடதுகைக்காரர். மறுநாள் காலை பழக்கத்தில் சவரப் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தவர், அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். வலது கைக்கு மாற்றினார், இடது கைக்கு மாற்றினார். பிறகு மடித்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மருத்துவக் கூடாரத்திலிருந்து வீட்டுக்குப் பேச அனுமதி உண்டு. திரையில் அவர் மனைவி வளர்மதி வந்தாள். பிள்ளைகளைப் பற்றி, மோட்டார் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"ஏங்க, நீங்க ஏன் இப்பிடிச் சிரிக்கிறீக?"

"எப்பிடி?"

"தோளத் தூக்கிக்கிட்டு. இது நீங்க சிரிக்கிற மாதிரி இல்லயே. யாரு மாதிரியோ இருக்கு."

"இங்க குளுரு புள்ள" என்றார் மொக்கராசு. தோளைக் கீழே இறக்கப் பார்த்தார். அது இறங்கவில்லை.

பயிற்சி மைதானத்தில் அவர்களை முதன்முதலில் இறக்கியபோது வேம்புலியையும் அழைத்து வந்து பிரிகேடியர் பக்கத்தில் நிறுத்தினார்கள். விசில் ஊதியது. எங்கோ ஒரு வேட்டுச் சத்தம் வைத்தார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே கணத்தில் கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, ஒரே கணத்தில் முழங்கால் மடங்கி, நிலத்தில் எங்கெங்கே குழிவு இருந்ததோ அங்கெல்லாம் தண்ணீர்போல வழிந்து மறைந்தார்கள். மைதானம் காலியாகிவிட்டது.

"என்ன ஒழுங்கு! என்ன வேகம்!" என்று பிரிகேடியர் கைதட்டினார்.

வேம்புலி கைதட்டவில்லை. குளியலறைக் கதவை யாரோ திறந்துவிட்டதுபோல் அவர் முகம் சுருங்கியது. தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று முதல் அவருக்கு 'மூலம்' என்று பெயர். மூலத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் மறுபடி அச்சு எடுக்க முடியாதல்லவா? என் கூடாரத்துக்கு அடுத்த கான்கிரீட் அறையில் அவரை வைத்துப் பூட்டினார்கள். வாசலில் ஒரு காவல், சாவி ஒன்று என்னிடம். அவர் எங்கே இருக்கிறார் என்று காட்டும் ஒரு சில்லைத் தோள்பட்டை எலும்புக்குக் கீழே புதைத்தேன். அவர் இருக்கும் இடத்திலிருந்து அரை மைலுக்குள் குண்டு விழும்படி எங்கள் பீரங்கி எதுவும் சுடாது. குறிபார்க்கும் கணினியே மறுத்துவிடும். தலைநகரில் ஒரே ஒரு ஜெனரல் நினைத்தால் மட்டுமே அந்தத் தடையை நீக்கலாம். இதற்காக பிரிகேடியர் மூன்று கடிதம் எழுதி அனுமதி வாங்கினார்.

முதல் தாக்குதல் நாற்பதாம் எண் மலைமேல். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் போனார்கள், முந்நூற்றுப் பத்துப் பேர் திரும்பினார்கள். இரண்டு பேரைக் காணவில்லை. மாலை நான்கு மணிக்கு மலை எங்கள் கையில். போரின் மூன்று ஆண்டுகளில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. பிரிகேடியர் எல்லோருக்கும் கேசரி கிளறச் சொன்னார். கிளறத் தெரிந்த சமையல்காரர்கள் எல்லாரும் வேங்கைகளாகிவிட்டதால் அது கட்டிதட்டிப்போயிருந்தது.

அதன்பின் மற்ற பட்டாலியன்களிடம் மிச்சமிருந்த கணப்பு அடுப்புகளும் இயந்திரத் துப்பாக்கிகளும் வேங்கைப் படைக்கு வந்து சேர்ந்தன. பதுங்குகுழிகளில் நாலு ஆளுக்கு ஓர் ஆள் போதும் என்றார்கள். வேங்கை இருக்கும்போது வேறு எதற்கு?

நான் முந்நூற்றுப் பத்துப் பேரின் உடுப்புக் கம்பிகளில் பதிவானதை எடுத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஓட்டம். அப்புறம் இரண்டரை மணி நேரம் அசைவில்லை. முந்நூற்றுப் பத்துக் கம்பிகளும் ஒரே நேரத்தில் உறைந்திருக்க முடியாது.

மதியம் இரண்டு டம்ளர் டீயோடு வேம்புலியின் அறைக்குப் போய், காகிதத்தை அவர் முன்னால் வைத்தேன். அந்த நேர்கோட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நானு படுத்துகினு இருந்தது" என்றார்.

"எங்க?"

"பள்ளத்துல. முதல் ஆளா போனாத்தான் மேடம் நல்ல பள்ளமா பாத்து எடுக்க முடியும். பின்னாடி வர்றவனுக்குப் பாறை இடுக்குதான் கெடைக்கும்."

"பன்னெண்டு மலை பிடிச்சிருக்கீங்களே?"

"எதிரியும் மனுசன்தானே. அவனுக்கும் குளுருது, பசிக்குது. ரெண்டு மூணு மணி நேரம் ஆளே காணோம்னா முடிஞ்சிபோச்சுன்னு நெனைச்சிகினு சாப்புடப் போவான். அப்போ எழுந்து போயி கொடிய நட வேண்டியதுதான். பன்னெண்டு தபா அப்படி அமைஞ்சுது. மீதி ஏழு தபா இருட்டறதுக்குள்ள திரும்பி வந்துட்டேன்."

"சுடவே மாட்டீங்களா?"

"கை போவாது மேடம். ஆரம்பத்துல பயத்துல போவல. அப்பறம் பழகிப்போச்சு."

"கூட வந்தவங்க?"

டீயைக் கீழே வைத்தார். "சொல்லிப் பாத்தேன். படுங்கடா, படுங்கடான்னு. வேங்கைன்னா படுக்கலாமான்னு ஓடனாங்க. நாயக் திலகர்னு ஒருத்தன், நெசமான வீரன். மூணாவது தாக்குதல்ல போயிட்டான். அவன் பேருல ஒரு மெடலும் இல்ல. திரும்பி வந்தவன் சட்டையிலதானே குத்தறாங்க."

"இதை நான் மேலே சொல்லியாகணும்."

"சொல்லுங்க. என்னை இன்னா பண்ணாலும் செரி. ஆனா அப்பறம் இன்னா ஆவும்னு யோசிச்சிப் பாருங்க. வேற ஒருத்தன புடிப்பாங்க. நெசமாவே ஓடறவனா பாத்து எடுப்பாங்க. அந்த முன்னூறு பேரும் ஓடுவாங்க."

நான் சொல்லவில்லை. முந்நூறு உயிருக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விசாரணை வந்தால் பதிவைச் சரிபார்க்காமல் ஏற்றியவள் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

பிப்ரவரியில் பெரிய தாக்குதலுக்கு உத்தரவு வந்தது. இரண்டு படைகளுக்கும் நடுவே ஒன்றரை மைல் அகலத்துக்கு ஒரு பனிவெளி. அதைத் தாண்டிவிட்டால் கணவாய். காலை பத்து மணிக்கு முந்நூற்றுப் பத்து வேங்கைகள் கிளம்பினார்கள். நாங்கள் கட்டுப்பாட்டு அறையில் திரைமுன் நின்றிருந்தோம். பச்சைப் புள்ளிகள் அழகாக விரிந்து ஓடின. பிறகு எல்லாம் ஒரே இடத்தை நோக்கிக் குவிந்தன. வெளியின் நடுவே யாரோ எந்தக் காலத்திலோ கல் வெட்டி எடுத்த ஒரு பெரும் பள்ளம். புள்ளிகள் அதற்குள் இறங்கி நின்றுவிட்டன.

அதே நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கூட்டம் ஓடிவருவதை ட்ரோன் காட்டியது. அதுவும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியது.

வேங்கைகளின் உடல்நிலை பார்க்கும் வயர்லெஸ் என்னிடம் இருந்தது. அதில் ஒரு குரல்.

"மேடம், கேக்குதா? மொக்கராசு பேசுறேன்."

"சொல்லுங்க. என்ன ஆச்சு?"

"பள்ளத்துல கெடக்கோம் மேடம். இங்க அவிய்ங்க ஆளுகளும் இருக்காய்ங்க."

"சுடறாங்களா?"

"இல்ல மேடம். எங்களப் போலவே படுத்துருக்காய்ங்க. எடது பக்கமா சாஞ்சுக்கிட்டு, துப்பாக்கிய நெஞ்சுக்கு அடியில வச்சுக்கிட்டு. ஒருத்தன் என் காலுமேல காலப் போட்டுருக்கான், எடுக்க மாட்டேங்குறான். உடுப்புக் கலர வச்சுத்தான் யாரு யாருன்னு பிரிக்க முடியுது."

எனக்குப் புரிந்துவிட்டது. காணாமல் போன இரண்டு பேர். எதிரியிடமும் என்னுடையதைப் போல ஒரு மெஷின் இருக்கும். ஆஸ்பத்திரி இல்லாத நாடு ஏது? முந்நூற்றுப் பத்துப் பேரைச் சாகாமல் திருப்பிக்கொண்டுவந்த படையின் ஆள் கிடைத்தால் யார்தான் அச்சு எடுக்க மாட்டார்கள்? வேம்புலியின் உடம்புக்கு எந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாலும் அந்த வெளியில் நல்ல பள்ளம் ஒன்றுதான்.

பிரிகேடியர் வயர்லெஸ்ஸை என் கையிலிருந்து பிடுங்கினார். "சுடுங்கடா! பக்கத்திலதானே இருக்கான், சுடு!"

"கை போக மாட்டேங்குது சார்" என்றார் மொக்கராசு. குரலில் அழுகை இருந்தது. "முயற்சி பண்ணுறேன் சார். போக மாட்டேங்குது."

பிரிகேடியர் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். வேங்கைகளை விட்டால் மிச்சம் பதுங்குகுழிகளில் நாலுக்கு ஒன்றாகச் சாக்குக் கட்டிய ஜவான்கள். வேங்கைகள் சரணடைந்தார்கள் என்று செய்தி போனால் பிரிகேடும் இல்லை, அவரும் இல்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "எதிரி அவங்களைச் சூழ்ந்துட்டான். பிடிபட்டு அவமானப்படறதைவிட வீரமரணம் மேல். பீரங்கியைப் பள்ளத்து மேல திருப்புங்க."

யாரும் அசையவில்லை. மறுபடி சொன்னார். அசைந்தார்கள். பீரங்கிகள்மேல் உறைந்த பனியை உடைத்து எடுக்க இருபது நிமிடம் ஆகும் என்றார்கள்.

நான் வெளியே ஓடினேன். குண்டுகள் தூக்க ஆள் போதாமல் வேம்புலியின் காவலாளியையும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் யாரும் இல்லை. கதவைத் திறந்து நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினி பேரு மேடம் பள்ளத்துல?"

"நம்ம ஆளுங்க முன்னூத்திப் பத்து. அவங்களும் கிட்டத்தட்ட அவ்வளவு இருப்பாங்க."

"எல்லாம் என் ஒடம்பா?"

"ஆமாம்."

தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்து கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டார். கவசம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுக்க ஒன்றுகூட இல்லை, எல்லாம் பள்ளத்தில் கிடந்தன. என்னைத் தாண்டி வெளியே போனார்.

கட்டுப்பாட்டு அறைக்கு நான் திரும்பியபோது பீரங்கி அதிகாரி கத்திக்கொண்டிருந்தார். "சார், கணினி சுட மாட்டேங்குது. மூலம் எல்லைக்குள்ள இருக்குன்னு சொல்லுது."

திரையில், பனிவெளியில், ஒரு மனிதர் நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் ஒன்றும் இல்லை. ஓடவில்லை, குனியவில்லை. அந்தக் கூனல் முதுகை எவ்வளவு நிமிர்த்த முடியுமோ அவ்வளவு நிமிர்த்தி, ரேஷன் கடைக்குப் போகிறவர்போல நடந்தார். பத்தொன்பது தாக்குதல்களில் பழகிய உடம்பு ஒவ்வொரு குழிவைக் கண்டபோதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவர் அதை இழுத்து நிறுத்தி நிறுத்தி நடந்தார். போதையில் இருப்பவர் நடையாகத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

பிரிகேடியர் ஒலிபெருக்கியில் அலறினார். "வேம்புலி! படு! படுத்துக்கோடா!"

ஒரு வேங்கையைப் பார்த்து எங்கள் பிரிகேடியர் படுக்கச் சொன்னது அதுவே முதல் தடவை. வேம்புலி படுக்கவில்லை.

தலைநகரத்துக்குப் போன் போட்டார்கள். தடையை நீக்க வேண்டிய ஜெனரல் ஒரு பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கத்துப் பீரங்கிகளும் சுடவில்லை. வெறுங்கையோடு நிமிர்ந்து நடந்து வருகிறவன் தூதனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்ததாக அவர்கள் பின்னால் சொன்னார்கள்.

பள்ளத்தின் விளிம்பில் நடந்ததை மொக்கராசு எனக்குச் சொல்லியிருக்கிறார். அறுநூறு பேரும் அண்ணாந்து பார்த்தார்களாம். வேம்புலி, "எழுந்திரிங்கடா, போலாம்" என்றாராம். யாராலும் எழுந்திருக்க முடியவில்லை. ஆளரவம் அடங்கும் வரை படுத்திருப்பது மட்டுமே அந்த உடம்புகளுக்குத் தெரியும். அவர் உள்ளே இறங்கி ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்கினார். நம் ஆள் ஒன்று, அவர்கள் ஆள் ஒன்று. தூக்கி நிறுத்தி, உடுப்பின் நிறத்தைப் பார்த்து, முதுகில் கைவைத்து அவரவர் திசையில் தள்ளிவிட்டார். அந்தப் பக்கத்துக்காரன் ஒருவன் அவர் கையை விடாமல் தன் மொழியில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தானாம். "போடா, போ, ஊட்டுக்குப் போ" என்று இவர் ஆரணித் தமிழில் பதில் சொன்னாராம்.

மாலை நாலரை மணிக்கு ஜெனரலின் அனுமதி வந்தது. அப்போது பள்ளத்தில் யாரும் இல்லை.

ஒன்பது நாளில் பேச்சுவார்த்தை தொடங்கியது. இரண்டு அரசுகளிடமும் அனுப்புவதற்கு வேறு படை இல்லை. எதிரியின் அதிரடிப் படை புறமுதுகிட்டு ஓடியதாக இரண்டு நாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. ஒருவகையில் இரண்டும் உண்மை. ரகோத்தமன் மேஜர் ஜெனரல் ஆனார். மொக்கராசு திருமங்கலத்துக்குப் போய்விட்டார். கடையை இப்போது வளர்மதியின் தம்பி பார்த்துக்கொள்கிறார்; மொக்கராசு கல்லாவில் உட்காருகிறார். மெயின்ரோட்டில் எப்போதாவது லாரி டயர் வெடித்தால் நாற்காலிகளுக்கு நடுவே விழுந்து மறைந்துவிடுகிறாராம். வாடிக்கைக்காரர்கள் பழகிவிட்டார்கள்.

வேம்புலியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். எதிரியின் முன்னிலையில் காவலிடத்தை விட்டு ஓடினார் என்பது குற்றச்சாட்டு. பத்தொன்பது தாக்குதல்களில் அவர்மேல் வராத குற்றச்சாட்டு.

தலைமை வகித்த கர்னல் நல்ல மனிதர். தப்பிக்க ஏதாவது வழி கிடைக்குமா என்றுதான் கேள்விகளைக் கேட்டார்.

"திறந்த வெளியில நிமிர்ந்து நடந்திருக்கீங்க. பள்ளத்துல ஏன் உடனே இறங்கிப் பதுங்கல?"

"பள்ளம் ரொம்பியிருந்துது சாப். எனக்கு எடமில்ல."

யாரோ சிரித்தார்கள். கர்னல் சிரிக்கவில்லை. "அறைக்கதவு வெளிய பூட்டியிருந்தது. அதிகாரி யாராவது திறந்துவிட்டு, அவங்க சொல்லி நீங்க போயிருந்தா இது ஓட்டமே இல்ல, உத்தரவுக்குக் கீழ்ப்படிஞ்சதாகும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. யார் திறந்தது?"

நான் சாட்சிகள் வரிசையில் நான்காவது நாற்காலியில் இருந்தேன். வேம்புலி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானேதான் சாப். ஒரு ஆணிய வெச்சித் தெறந்தேன்."

அது ஆணிக்குத் திறக்கிற பூட்டு இல்லை என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். கர்னல் என்னைப் பார்த்தார்.

"டாக்டர், இன்னொரு சாவி உங்ககிட்டதானே இருந்தது. நீங்க ஏதாவது சொல்ல வேண்டியிருக்கா?"

என் தலை தானாகக் குனிந்தது. மடியில் என் கைகள் இரண்டும் அசையாமல் கிடந்தன.

"இல்லை சார்" என்றேன்.

பதக்கங்கள் இரண்டையும் பறித்து, பென்ஷன் இல்லாமல் அவரை ஊருக்கு அனுப்பினார்கள். இது நடந்து ஆறு வருடமாகிறது. அந்த மெஷினில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரைப் படுக்க வைத்திருக்கிறேன். நான் ஒருநாளும் படுத்ததில்லை.